பட்டியல் முதலில், உண்டியல் பிறகு

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பார்க்கிங் தகராறு பேசி, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பேசி, எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கும் நேரத்தில் மைக்கை என்னிடம் நீட்டினார். அதிலும் பேச வேண்டியது வசூலைப் பற்றி. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்ப்பது தெரிகிறது. உட்காருங்கள், இன்றைக்கு யாரிடமும் பணம் கேட்கப் போவதில்லை.

நம் பின்பக்கக் கேட்டைத் தாண்டினால் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. நம் பிள்ளைகள் யாரும் அங்கே படிப்பதில்லை. அவர்கள் காலை ஏழரைக்கு வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கீழே இஸ்திரி போடுபவர் என்று நம்மோடு தினமும் புழங்குகிறவர்களின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பள்ளிக்கு நாம் ஒரு நல்ல காரியம் செய்தோம், நினைவிருக்கிறதா? வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகப் பை கொடுத்தோம். பையின் மேல் நம் சங்கத்தின் பெயரைப் பெரிதாக அச்சடிக்கச் சொன்னது நான்தான். நாலு பேர் பார்த்தால் அடுத்த வருடம் வசூல் சுலபம் என்று காரணமும் சொன்னேன். பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, போட்டோவும் எடுத்தோம்.

மூன்று மாதம் கழித்து, நம் வளாகத்துக்கு வேலைக்கு வரும் ஒருவரின் மகளை லிஃப்டில் பார்த்தேன். யார் என்று சொல்ல மாட்டேன். பையை முதுகில் போடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சங்கத்தின் பெயர் இருந்த இடத்தில் எலக்ட்ரீஷியன்கள் ஒட்டும் கறுப்பு டேப். நாலைந்து சுற்று, ஓரம் மடியாமல் நேர்த்தியாக ஒட்டியிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. அவள் வகுப்பில் எல்லோரிடமும் அதே பைதான். ஆனால் அந்தப் பெயர் கொண்ட கட்டடத்தில் பாத்திரம் தேய்ப்பவரின் மகள் என்று சொல்லிக் காட்ட அவளுக்கு மட்டும்தான் அந்தப் பை பயன்பட்டிருக்கிறது.

மறுநாள் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "பை, நோட்டு, செருப்பு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசாங்கமே கொடுக்குது சார். எங்களுக்கு மோட்டார்தான் ரிப்பேர். பெண் பிள்ளைங்க கழிப்பறையில ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது" என்றார். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி அது. பெரிய பெண்கள் சிலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்களாம். மாதத்தில் மூன்று நாள் வருவதே இல்லையாம். "முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்" என்றார்.

ஆகவே என் முதல் யோசனை உண்டியலைப் பற்றியது அல்ல. பட்டியலைப் பற்றியது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்பதைப் பள்ளி சொல்லட்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு உட்கார்ந்து எழுதித் தரும் தாளை நம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். எதிரே விலை இருக்கட்டும். தாழ்ப்பாளுக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு என்று. "பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்றால் நம்மில் பாதிப் பேர் போனைப் பார்ப்போம். "இரண்டு தாழ்ப்பாள்" என்றால் அதே பாதிப் பேர் பர்ஸை எடுப்போம்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1950களின் கடைசியில், கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். ஒவ்வொரு பள்ளிக்கும் எது இல்லை என்று கணக்கெடுப்பார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து, ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம், ஒருவர் சுண்ணாம்பு அடிக்கும் செலவு என்று ஏற்றுக்கொள்வார்கள். கையில் காசில்லாதவரும் ஒரு பொருளையோ உழைப்பையோ கொடுக்க அதில் இடம் இருந்தது.

சரி, பணத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த யோசனையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொய் விருந்து.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் இங்கே நாலைந்து வீடு இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதத்தில் அங்கே பணத் தேவை உள்ளவர் பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். வட்டி இல்லாத கடன் என்றே சொல்லலாம். பத்திரமோ ஜாமீனோ கிடையாது, ஒரு நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

நாமும் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பந்தி போடலாம். கேட்டரிங் வேண்டாம். அதற்குப் பணம் கொடுத்தால் வசூலில் பாதி அங்கேயே போய்விடும். ஒவ்வொரு தளமும் ஒரு பதார்த்தம். முதல் தளம் சாம்பார், இரண்டாம் தளம் கூட்டு, மூன்றாம் தளத்தின் கோழிக் குழம்பைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சைவப் பந்தி தனியாக. இலையும் அரிசியும் மட்டும் சங்கச் செலவு. வேலைக்கு வருகிறவர்களும் செக்யூரிட்டிகளும் நம்மோடு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பரிமாறவோ இலை எடுக்கவோ அவர்களை அழைக்கக் கூடாது. அவர்கள் பத்து ரூபாய் எழுதினாலும் நோட்டில் பெயர் வரும்.

ஊர் வழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். அங்கே தொகை எல்லோருக்கும் தெரியும். இங்கே அது வேண்டாம். இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு, வேலை போய் மூன்று மாதமாக வெளியில் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. நோட்டில் பெயர் மட்டும் எழுதுவோம், தொகை மூடிய கவரில் இருக்கட்டும். மொத்தத்தை அன்று மாலையே ஒலிபெருக்கியில் சொல்லிவிடலாம்.

அடுத்தது திறமை ஏலம். பணத்தைவிடக் கைவேலையும் படிப்பும் நம்மிடம் அதிகம். ஜூலை வந்தால் வருமான வரி ரிட்டர்ன் போட அலைகிறோம். இங்கேயே ஓய்வுபெற்ற ஆடிட்டர் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு மணி நேரத்தை ஏலம் விடலாம். சி பிளாக் பாட்டி வடாம் கூழ் காய்ச்சக் கற்றுத்தருவார், மே மாத மொட்டை மாடி வெயில் நமக்கு இலவசம். நம் பையன்கள் பெரியவர்களின் போனில் தேவையற்றதையெல்லாம் அழித்து, எழுத்தைப் பெரிதாக்கித் தருவார்கள். பொறுமையாகச் செய்தால் என் வீட்டம்மா 200 ரூபாய்க்குக் கேட்கத் தயார், முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மாதந்தோறும் வரக்கூடிய வருமானம் பழைய பேப்பர். முதல் ஞாயிறு பேப்பர் கடைக்காரரைத் தராசோடு கேட்டுக்கே வரச் சொல்லலாம். அறுபது வீடுகள் ஆளுக்கு நாலு கிலோ போட்டால் 240 கிலோ. கிலோ 12 ரூபாய் என்று வைத்தால் 2,880. விலை ஏறும் இறங்கும், இருந்தாலும் ஐந்தாறு மாதத்தில் ஒரு சின்ன மோட்டாருக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம். ஆன்லைனில் வாங்கிக் குவிக்கும் அட்டைப்பெட்டிகள் தனி. யாருக்கும் கைக்காசு செலவில்லை.

வேண்டாதவை இரண்டு. குலுக்கல் சீட்டு விற்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பரிசுத் திட்டங்களுக்கும் தனியாகத் தடைச் சட்டம் இருக்கிறது. நல்ல காரியத்துக்காகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற எனக்கு ஆசையில்லை. இன்னொன்று, நம் பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புவது. குழந்தை வந்து நின்றால் மறுக்க முடியாது என்பதற்காகத்தானே அனுப்புகிறோம்? அந்தத் தந்திரத்தை அவர்கள் கற்க வேண்டாம்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம். பொருளாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பணம் பராமரிப்புக் கணக்கோடு கலக்கவே கூடாது. யுபிஐயில் அனுப்பினாலும் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும், என் நம்பருக்கோ யாருடைய நம்பருக்கோ அல்ல. நம் சங்கத்துக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது, இப்போதே சொல்லிவிடுவது நல்லது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகை எப்படியும் இல்லை. வாங்கிய பில்களின் நகலைப் பட்டியலுக்குக் கீழேயே ஒட்டுவோம்.

மோட்டார், தாழ்ப்பாள் போன்றவற்றை மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு நாமே முடித்துவிடலாம். புதிதாகக் கழிப்பறை கட்டும் அளவுக்குப் போனால் நம் பணம் போதாது. அதற்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்திலும் பள்ளியைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். எது ஒத்துவரும் என்பதைத் தலைமையாசிரியையோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வாங்கித் தரும் எதிலும் நம் பெயர் இருக்கக் கூடாது என்று இன்றே தீர்மானம் போடக் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்கும்போது போட்டோவும் வேண்டாம். முன்மொழிவது நான். வழிமொழிய யாராவது கை தூக்குங்கள்.

பட்டியல் சனிக்கிழமை வருகிறது. தாழ்ப்பாளும் மோட்டாரும் அதில் முதல் இரண்டு வரி என்று தலைமையாசிரியை போனில் சொன்னார். மொய் விருந்துக்கு எந்தத் தளம் என்ன சமைக்கிறது என்று எழுத ஒரு நோட்டு செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது, பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். பாயசத்துக்கு இன்னும் யாரும் பெயர் தரவில்லை.