நம் மோட்டார் ஏன் இரண்டு முறை எரிந்தது?

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் பி.காம். படித்தவன். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் குமாஸ்தா. மோட்டாரைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி காலையிலேயே கேட்டுவிட்டாள். தகுதி ஒன்றுதான். நம் சங்கத்தின் வவுச்சர்களை இரண்டு வருடமாக எழுதுகிறவன் நான். ஒரே செலவு ஒரே வருடத்தில் இரண்டு தடவை வந்தால் ஏன் என்று பார்ப்பது குமாஸ்தா புத்தி.

சென்ற ஏப்ரலில் சம்ப் மோட்டார் எரிந்தது. காயில் கட்ட 8,200 ரூபாய், வாடகை மோட்டாருக்கு ஐந்து நாளைக்கு 4,500, கழற்றி மாட்டும் கூலி 1,500. செப்டம்பரில் அதே மோட்டார் மறுபடியும் எரிந்தது. அப்போது மொத்தம் 13,700. இரண்டும் சேர்ந்து 27,900 ரூபாய். சி பிளாக் நான்காம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கச் சொல்லி ஆள் தேடியது எந்த வவுச்சரிலும் இல்லை. ஏழரை எச்.பி. மோட்டார் என்பதால் ஏழரைச் சனி என்று நாம் சிரித்துக்கொண்டோம். சனி பகவான் மேல் தப்பில்லை. முதல் தடவை எரிந்ததற்குப் பாதிக் காரணம் நான்.

அன்று காலை ஆறரை மணிக்கு, மோட்டார் பார்க்கும் தம்பி எனக்குப் போன் செய்தார். "சார், ஸ்டார்டர் ட்ரிப் ஆகுது. ரெண்டு வாட்டி ரீசெட் பண்ணேன். திரும்பவும் விழுது." டாங்க் காலி, எல்லோரும் குளித்து ஆபீஸ் போகும் நேரம். நான் சொன்னேன்: "இன்னொரு வாட்டி அழுத்திப் பாருப்பா." அவர் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை ஏ பிளாக் வரை வந்தது.

நடந்தது இதுதான். தெருவில் ஒரு ஃபேஸில் பீஸ் போயிருந்தது. மூன்று ஃபேஸில் ஓட வேண்டிய மோட்டார் இரண்டில் ஓடினால், மிச்சமுள்ள இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்கு ஏறும். நின்றிருக்கும் மோட்டாரைப் போட்டாலோ அது சுற்றவே சுற்றாது. உறுமிக்கொண்டே சூடாகும். ஸ்டார்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே அந்தச் சூட்டை உணர்ந்து இணைப்பைத் துண்டித்தது. அதாவது ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்தது. கவுண்டரில் கேஷியர் "கணக்கில் பணம் இல்லை" என்று செக்கைத் திருப்பிக் கொடுக்கிறார். நாம் அதே செக்கை மூன்று தடவை நீட்டுகிறோம். மூன்றாவது தடவை அவர் சலித்துப்போய்க் கொடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

ட்ரிப் ஆனால் முதலில் மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு மோட்டார் ஆறும் வரை காத்திருக்க வேண்டும் என்று தம்பிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும்தான். வித்தியாசம் என்னவென்றால், அவர் சந்தேகப்பட்டுப் போன் செய்தார். நான் சந்தேகப்படாமல் உத்தரவு போட்டேன்.

இரண்டாவது தடவை எரிந்த கதை இன்னும் முக்கியமானது. ஏனென்றால் அதில் யாருமே அலட்சியமாக இல்லை.

காயில் கட்டி வந்த மோட்டாரை மாட்டிய எலக்ட்ரீஷியன், மோட்டாரின் நேம் பிளேட்டைப் படித்தார். 11 ஆம்பியர் என்று இருந்தது. ரிலேயின் திருகையும் 11-இல் வைத்தார். பொறுப்பான ஆள்தான். ஆனால் நம்முடையது ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர். அந்த வகையில் ரிலே பெரும்பாலும் டெல்டா சுற்றுக்குள்ளே உட்கார்ந்திருக்கும். லைனில் வரும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகப் போகாது, 58 சதவீதம்தான் போகும். 11-ஐ 0.58-ஆல் பெருக்கினால் சுமார் 6.4. ரிலே நிற்க வேண்டிய இடம் அது.

செப்டம்பரில் பேரிங் மெல்ல மெல்ல இறுகியது. மோட்டார் 11-க்குப் பதில் 15 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலேக்குத் தெரிவது சுமார் 8.7. திருகு 6.4-இல் இருந்திருந்தால் சில நிமிடங்களில் விழுந்திருக்கும். 11-இல் இருந்ததால் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஆறு லட்சம் லிமிட் கொடுக்க வேண்டிய கணக்குக்குப் பதினொரு லட்சம் என்று பதிந்துவிட்டால், வாடிக்கையாளர் முழுகும் வரை கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கும்.

இதை எனக்கு விளக்கியவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பழைய வாடிக்கையாளர், இப்போது காலை நடையில் துணை. ஸ்டார்டரைத் திறந்ததும் முதலில் திருகைத்தான் பார்த்தார். "பாயிண்ட் ஃபைவ் எய்ட் சார்" என்றார், மந்திரம் போல. இதை அவர் கல்லூரியில் படிக்கவில்லை. அவரை நிறுவனம் சில நாள் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் எல் அண்ட் டி நிறுவனம் சுவிட்ச்கியர் பயிற்சிக்கென்றே ஒரு மையம் நடத்தியது. நம் கிண்டியில் ஏடிஐ என்று எல்லோரும் சொல்லும் மத்திய அரசு நிலையம் இருக்கிறது. இப்போது அதன் பெயர் தேசியத் திறன் பயிற்சி நிலையம். இந்த மாதிரி இடங்களுக்குத் தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்புவது பழைய வழக்கம். மோட்டாரை வாங்குவதோடு வேலை முடிவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

நாம் குடியிருக்கும் இடத்தையே பாருங்கள். டி.ஐ. சைக்கிள் 1949-இல் அம்பத்தூருக்கு வந்தது. பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். 1961. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. பிறகு எஸ்டேட், அதில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். இவ்வளவும் மோட்டாரில்தான் ஓடுகின்றன. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் 1937-இல் நம் கோயம்புத்தூரிலிருந்துதான் வந்தது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் அதற்குப் பின்னால் இருந்தவர்கள். தொழிற்கல்வியை வருடக்கணக்கில் இழுக்காமல் சுருக்கமாகக் கற்றுத்தரலாம் என்று ஜி.டி. நாயுடு கடைசி வரை வாதாடியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ரிலேயின் திருகு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் நாம் 13,700 ரூபாய் கட்டினோம்.

வங்கியில் இருந்தபோது கடன் ஆய்வுக்காக ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குப் போனேன். வருமானம் எப்படி என்று கேட்டதற்கு முதலாளி சொன்னார்: "ஃபேக்டரிக்காரங்க வருஷத்துக்கு ஒருவாட்டி வருவாங்க சார். அப்பார்ட்மெண்ட்காரங்க சீசனுக்கு ஒருவாட்டி." அன்று சிரித்தேன்.

காயில் கட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருகிய செம்புக் கம்பியை எடுக்கச் சில இடங்களில் ஸ்டேட்டரை நேரடியாக நெருப்பில் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புத் தகடுகளின் பூச்சு அதில் கெட்டுவிடும். பிறகு மோட்டார் ஓடும், ஆனால் கூடுதல் கரண்ட் தின்னும். அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் 2003-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, முறையாகக் கட்டினால் திறன் குறைய வேண்டியதில்லை என்று காட்டியது. ஆகவே "எங்கே குறைச்சல்" என்று மட்டும் கேட்காமல் "எப்படிக் கருக்குகிறீர்கள்" என்றும் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததற்கு டிக் போட்டேன்.

இனி கரண்ட் பில். புது மோட்டார் வாங்குவது நல்லது என்று சிலர் சொல்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோட்டார்களுக்கு ஐ.இ. 1, 2, 3 என்று தரம் உண்டு. இந்தியத் தர எண் ஐ.எஸ். 12615. நம் அளவு மோட்டாரில், 1,500 சுற்று வகைக்கு, ஐ.இ. 1 என்றால் திறன் 84.7 சதவீதம், ஐ.இ. 3 என்றால் 89.6. முழுச் சுமையில் தினம் ஆறு மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 775 யூனிட் மிச்சம். 2022 செப்டம்பரில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் வந்தபோது யூனிட் 8 ரூபாய். அந்தக் கணக்கிலேயே வருடம் 6,200 ரூபாய். நல்ல தொகைதான், அடுத்த தடவை வாங்கும்போது ஐ.இ. 3 தான் வாங்க வேண்டும். ஆனால் புது மோட்டாரை அதே ஸ்டார்டரில், அதே திருகோடு மாட்டினால் அதுவும் எரியும். விலை மட்டும் கூடுதல்.

மோட்டார் அறைக்கு நீங்கள் யாராவது போயிருக்கிறீர்களா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் கிடையாது. மோட்டார்களைப் பொதுவாக 40 டிகிரி வரையிலான சுற்றுவெப்பத்துக்குத்தான் கணக்கிட்டுச் செய்கிறார்கள். மே மாத மதியம் நம் அறை அதைத் தாண்டிவிடும். தாங்க வேண்டிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காயிலின் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய வாய்பாடு. நாம் என்ன செய்திருக்கிறோம் என்றால், மோட்டாரின் மின்விசிறி மூடிமேல் சாய்த்துப் பழைய பேப்பர்க் கட்டு வைத்திருக்கிறோம். போதாததற்கு ஸ்பேர் மோட்டாரை இரண்டு வருடம் ஓட்டவே இல்லை. தேவைப்பட்ட அன்று அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வாடகை மோட்டார் வந்ததே அதனால்தான். வாரம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டியிருந்தால் இரண்டு வவுச்சர் குறைந்திருக்கும்.

இதுவரை பணக் கணக்கு. இனி சொல்வதை நான் வவுச்சரில் எழுத முடியாது.

நவம்பர் மழையில் தம்பிக்கு ஷாக் அடித்தது. ஈரத்தரை, செருப்பில்லாத கால், ஸ்டார்டர் பெட்டியின் எர்த் கம்பி கழன்றிருந்தது. பெட்டியைத் தொட்டதும் தூக்கி எறிந்தது. கை வீங்கியதோடு போயிற்று. அவர் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். அன்று சாயந்திரம் அவர் என்னிடம் வந்து என்ன கேட்டார் தெரியுமா? "சார், எர்த்து இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது? யாராவது சொல்லித் தருவாங்களா?" நஷ்டஈடு கேட்கவில்லை. கற்றுக்கொள்ளக் கேட்டார்.

அதனால்தான் தீர்மானம் நான்கு. அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஸ்டார்டர் போர்டில் ஃபேஸ் போனால் தானே நிறுத்தும் கருவி, சம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் கருவி, கசிவு மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி., எர்த் சரிசெய்தல்: இவை உரிமம் பெற்றவர் கையால் நடக்க வேண்டும். அடுத்தது ஒரு டாங் டெஸ்டரும் ஒரு நோட்டும். வாரம் ஒரு நாள் மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் தம்பி எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு ஃபேஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மோட்டார் எரிவதற்கு முன்பே நோட்டில் தெரிந்துவிடும்.

பெரியது மூன்றாவது. தம்பியைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு நடத்துகிறது. 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் எழுதலாம். வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. தம்பிக்கு முப்பத்தொன்று, இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் வயரிங் கான்ட்ராக்டரிடம் இருந்தவர். விவரங்களை அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரிக்கலாம். நானே அவரோடு போகத் தயார். தேர்வுக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கும் ஆகும் செலவு சங்கத்துடையது. அந்த நாட்களில் சம்பளம் பிடிக்கக் கூடாது.

"படிச்சிட்டு வேற வேலைக்குப் போயிடுவானே" என்று ஒரு நண்பர் கேட்டார். போகலாம். என்னை வங்கி தன் செலவில் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பியபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இவன் ஓடிவிடுவான் என்று எந்த மேனேஜரும் சொல்லவில்லை. தம்பி நல்ல வேலை கிடைத்துப் போனால் நான் வாசல் வரை வந்து வழியனுப்புவேன். எர்த் இல்லாத பெட்டியைத் தொட்டுப் போவதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

இனி ட்ரிப் ஆனால் தம்பி யாருக்கும் போன் செய்து அனுமதி கேட்க வேண்டியதில்லை. காரணம் தெரியும் வரை மோட்டாரைப் போட மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். காலையில் தண்ணீர் வராவிட்டால் என்னைத் திட்டுங்கள், அவரை வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மோட்டார் அறையில் ஒரு இரும்புக் கட்டிலும் இரண்டு சைக்கிளும் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வர வழி வேண்டும்.