தெற்கு எல்லையில் நிற்கும் சூரியன்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பரதேசி யூதப் பள்ளியை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் 1760-ல் கட்டியது. அதன் கடிகார முகங்களில் ஒன்றில் மலையாள எண்கள், ஒன்றில் ரோமன் எண்கள், ஒன்றில் ஹீப்ரு எழுத்துகள். யார் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தனக்குத் தெரிந்த எழுத்தில் அதே மணியைப் பார்த்துக்கொள்ளலாம். டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இந்த ஊர் கொண்டாடும் பண்டிகைகளும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. தனு மாதத் திருவாதிரைக்கு மலையாளி வீடுகளில் புழுக்கும் கூவைப் பாயசமும். அதே திருவாதிரைக்குத் தமிழ் வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும். ஜனவரி 14 அன்று குஜராத்தி ரோட்டு மக்களுக்கு உத்தராயணம், பட்டமும் எள் சிக்கியுமாக. அதை ஒட்டியே தமிழர்களுக்குத் தைப்பொங்கல். இந்த நாலு வாரமும் வானத்தில் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: தெற்கே போன சூரியன் திரும்பி வருகிறான். அந்தத் திருப்பத்தைக் கொண்டாடுவதன் மதிப்பு எதில் இருக்கிறது, அதில் எதை நாம் கைநழுவ விட்டோம் என்பதே இந்த உரையின் பொருள்.

முதலில் எழும் கேள்வி நியாயமானது. பனியும் உறைகுளிரும் இல்லாத கொச்சியில் இந்தத் திருப்பம் ஒரு பொருட்டா? லண்டனில் டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூனில் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். அங்கே ஒளி திரும்புவது உயிர் திரும்புவது போல. கொச்சியோ நிலநடுக்கோட்டுக்குப் பத்து பாகை வடக்கே இருக்கும் ஊர். இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். சாயங்காலம் சீக்கிரம் இருட்டுவதும் நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே இருளுக்கு அஞ்சி விளக்கேற்றுகிறோம் என்று வடதேசத்து விளக்கத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் அது ஒட்டாது. ஆனால் இந்த ஊருக்கென்று ஒரு சாட்சி இருக்கிறது. அது மேற்கே விரிந்து கிடக்கும் கடல். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் நேர்மேற்கைப் பார்த்து நின்று, கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் பத்து பாகை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர்மேற்கில் இறங்குவான். டிசம்பர் 21-ல் அவன் இறங்கும் இடம் அதற்கு இடப்பக்கம், இரண்டரை முஷ்டி தூரம். ஜூனில் வலப்பக்கம் அதே தூரம். ஆறு மாதத்தில் ஐந்து முஷ்டி நடக்கிற சூரியனை, சீனவலை இழுப்பவரும் படகில் திரும்புபவரும் கவனிக்காமல் இருக்க முடியாது. இந்தக் கரையில் அயனம், அதாவது சூரியனின் திருப்பம், குளிராகத் தெரிவதில்லை. கடல்மேல் சூரியன் நடக்கும் வழியாகத் தெரிகிறது.

அடுத்த தடை இன்னும் கனமானது. சூரியன் தெற்கு எல்லையைத் தொடுவது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணம் பிறந்தது என்று நாம் கொண்டாடுவது ஜனவரி 14 அல்லது 15. மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போன ஒரு பண்டிகையை எந்த முகத்தோடு உத்தராயணம் என்பது? காரணம் மர்மமானதல்ல. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் மகர சங்கராந்தி, அதாவது அந்த ஜனவரி நாள், சூரியன் திரும்பும் நாளிலிருந்து ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தது ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. 1952-ல் மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு இதைச் சுட்டிக்காட்டியது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்த தேசிய நாள்காட்டியில் பௌஷ மாதம் டிசம்பர் 22-ல் பிறக்கிறது. வானொலியில் நீங்கள் கேட்கும் சக ஆண்டுத் தேதி அந்த நாள்காட்டியுடையதுதான். ஆனால் பஞ்சாங்கமும் பண்டிகையும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன.

அப்படியானால் பண்டிகையை டிசம்பருக்கு மாற்றிவிடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை அந்தக் கடற்கரையே சொல்லும். சூரியன் திரும்பும் நாளை அந்த நாளிலேயே கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாள், அவன் மறையும் இடம் அவனுடைய வட்டின் அகலம்கூட நகர்வதில்லை. நிற்கிறானா, போகிறானா, திரும்பினானா என்று தெரியாத ஒரு நிலை. ஜனவரி 14-ல் பார்த்தால் அவன் வடக்கே நான்கு வட்டின் அகலம் வந்துவிட்டிருக்கிறான். திரும்பிவிட்டான் என்று எந்தக் கருவியும் இல்லாமல் துணிந்து சொல்ல முடிகிற நாள் அது. இதற்காகவே முன்னோர் அந்தத் தேதியை வைத்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கணக்கு தானாக நகர்ந்து அங்கே வந்து நிற்கிறது. ஆனாலும் இன்றைய நிலையில் மகர சங்கராந்தி, திருப்பம் நடந்த நாளாக இல்லாமல், திருப்பம் கண்ணுக்கு உறுதியான நாளாக இருக்கிறது. பொங்கல் பானை பொங்கும்போது சூரியனைக் கும்பிடும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறு வேண்டியதில்லை.

கணக்கும் வானமும் பிசகினால் எதை நம்புவது என்ற கேள்விக்கு நம் மரபில் தெளிவான விடை இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இதைப் பேசுகிறார். பழைய நூல்கள் உத்தராயணத்தை அவிட்டத்தின் தொடக்கத்தில் வைத்தன, தம் காலத்தில் அது மகரத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஐயம் இருந்தால் சூரியன் உதிக்கும் மறையும் இடத்தைத் தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நட்ட கோலின் நிழலைப் பாருங்கள் என்கிறார். கேரளத்திலேயே, நிளா நதிக்கரை ஆலத்தியூரைச் சேர்ந்த வடசேரி பரமேசுவரன் கிரகணங்களைப் பல்லாண்டு காலம் பார்த்துப் பார்த்துப் பழைய கணக்கைத் திருத்தி 1431-ல் த்ருக்கணிதத்தை வகுத்தார். த்ருக் என்றால் காண்பது. தமிழில் நாம் திருக்கணிதம் என்று சொல்லும் முறையின் பெயரிலேயே கண் இருக்கிறது. ஆகவே பார்க்காமல் கொண்டாடுவதுதான் மரபை விட்டு விலகுவது. தேதி நகர்ந்தது சிறிய இழப்பு; வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் போனது பெரிய இழப்பு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நான் முதலில் சொன்ன கொண்டாட்டங்களில் உயர்ந்து நிற்பது திருவாதிரை. அதற்கு முந்தைய மிருகசீரிட நாளின் மாலையில் காச்சில், சேனை, சேம்பு, கூர்க்கை போன்ற கிழங்குகளைத் தீயில் சுட்டு, வெல்லமும் தேனும் சேர்த்து எட்டங்ஙாடி செய்கிறார்கள். அரிசிச் சோறு அந்த நோன்புக்கு விலக்கு. அந்தப் பருவத்தில் மண்ணிலிருந்து வரும் கிழங்குதான் உணவு. முந்தைய நாள்களில் விடியலுக்கு முன்பே குளத்தில் இறங்கிப் பாடிக்கொண்டே தண்ணீரைக் கையால் அறைந்து தாளமிட்டு நீராடுவது துடிச்சுக்குளி. வையையைப் பாடும் பரிபாடலும் மார்கழித் திருவாதிரையையும் பெண்களின் நீராடலையும் சேர்த்தே சொல்வதால், இது ஒரு மொழிக்கோ ஒரு மாநிலத்துக்கோ மட்டும் சொந்தமான வழக்கமல்ல என்று தெரிகிறது. திருவாதிரை இரவில் பெண்கள் விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடி, நள்ளிரவில் தசபுஷ்பம் எடுத்துவந்து கூந்தலில் செருகிக்கொள்கிறார்கள். இதற்குப் பாதிராப்பூ சூடல் என்று பெயர்.

ஏன் நள்ளிரவு? அன்று முற்றத்தில் நின்று தலையை உயர்த்தினால் விடை கிடைக்கும். ஆதிரை என்று நாம் அடையாளம் காணும் சிவந்த மீன், மேல்நாட்டார் பெட்டல்ஜியூஸ் என்பது, இன்று வானத்தில் சூரியன் திரும்பும் புள்ளிக்கு ஏறக்குறைய நேரெதிரே இருக்கிறது. டிசம்பர் 21-ல் சூரியன் காலடியில் மிகத் தாழ்ந்திருக்கும் நள்ளிரவில் அது உச்சிக்கு வருகிறது. கொச்சியில் அந்த உச்சி, தலைக்கு நேர்மேலே இருந்து மூன்று பாகைகூடத் தள்ளி இல்லை. முழுநிலவும் சூரியனுக்கு எதிரே நிற்பதால் அந்தப் பருவத்தில் உச்சியை ஒட்டியே போகிறது. பகலில் சூரியன் இல்லாத உயரத்தை இரவில் நிலவும் ஆதிரையும் எடுத்துக்கொள்கின்றன. சிவனின் நாள் என்றும் காமனை நினைக்கும் நாள் என்றும் சொல்லும் பண்டிகைக்கு அயனத்தோடு என்ன உறவு என்று கேட்கலாம். தோற்றத்தில் உறவு இருந்தது என்று நான் வாதிடவில்லை. வராகமிகிரர் காலத்தில் சூரியன் ஆதிரைக்கு எதிரே வந்தது, அவன் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே. சங்கராந்தியை அயனத்திலிருந்து விலக்கிக்கொண்டு போன அதே நகர்வு ஆதிரையை அதன் அருகே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நம் தலைமுறைக்குக் கிடைத்த பேறு இது.

கணவனின் ஆயுளுக்காகப் பெண் பட்டினி கிடக்கும் நோன்பை ஏன் புகழ வேண்டும் என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. பட்டினியைப் புகழ எனக்கும் மனமில்லை. ஆனால் பெண்கள் ஒன்றுகூடி, இரவு முழுவதும் முற்றத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, பாடி, ஆடி, ஊஞ்சலாடி, நள்ளிரவு வானத்தின் கீழ் பூச்சூடியது அந்த நோன்புக்குள்தான் நடந்தது. காரணத்தைக் கைவிட்டாலும் அந்த இரவைக் கைவிட வேண்டியதில்லை. இன்று நாம் செய்திருப்பது நேர்மாறு: ஆட்டத்தைக் காப்பாற்றி இரவைக் கைவிட்டோம். பள்ளிக் கலோத்சவ மேடையில் சீராகப் பயிற்சி பெற்ற திருவாதிரைக்களி அழகாகவே இருக்கிறது. மேடைக்கு மேலே கூரை, நேரம் பகல், மாதம் எதுவானாலும் சரி. அந்தக் கும்மி சுற்றிவருவதற்கு மேலே ஒரு வானம் இருந்தது என்பது ஆடுகிற குழந்தைக்கே தெரிவதில்லை.

எனவே கேட்பது சிறிய காரியம்தான். பண்டிகைத் தேதிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். டிசம்பர் 21, ஜனவரி 14 இரண்டு மாலையும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், ஒரே இடத்தில் நிற்கவைத்து, சூரியன் எந்த வலைக்கு நேரே, எந்தப் பாறைக்கு நேரே இறங்குகிறான் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆதிரை இரவில் பன்னிரண்டு மணியை ஒட்டி முற்றத்துக்கு, முற்றம் இல்லாத வீட்டில் மொட்டை மாடிக்கு வாருங்கள். நிலவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவந்த மீன் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பூச்சூடிக்கொள்ளுங்கள்.