கைப்பழக்கமும் கணிப்பொறியும்

(வெள்ளி விழாவையொட்டி விரிஞ்சிபுரத்தில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கணிப்பொறி கற்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு எடுத்துரைக்க இம்மேடையில் ஆள் தேவையில்லை. அதை அவர்கள் நம்மினும் நன்கு அறிவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அன்றாடம் பயன்படும் மென்பொருள்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இயங்காதபோது அதன் நட்டத்தை யார் சுமக்கிறார் என்பதே அப்பொருள். கேட்பதற்குச் சிறிய செய்திபோல் தோன்றும். வேலைவாய்ப்புத் தேர்வில் தோற்று வந்த பிள்ளைகளின் பெற்றோர்க்கு அது சிறிதன்று.

நம் ஊருக்கு வரும் வெளியூரார் மார்க்கபந்தீசுவரர் கோயிலின் காலங்காட்டும் கல்லைக் கண்டு வியந்து செல்வதுண்டு. அரைவட்டமாகச் செதுக்கிய கல், அதில் எண்கள், உரிய இடத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்ணே மணி. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் அக்கருவியைக் கையாளலாம். இன்று கற்றது நாளையும் பயன்படும். ஒரு கருவி இருக்கவேண்டிய முறை அதுதான். ஆனால், சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை கோயில் வாயில்கள் சட்டப்படி நம் மக்களுக்குத் திறக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கருவி எளிதாக இருந்தது; அதை அணுகும் வழிதான் அடைபட்டிருந்தது. இன்று நிலைமை வேறு. கணிப்பொறி பள்ளிக்கும் வந்தது, சங்கக் கட்டடத்துக்கும் வந்தது. வாயில் ஓரளவு திறந்தபின் கருவியின் உள்ளேயே தடுக்குப் பல இருப்பதைக் காண்கிறோம்.

ஒரு கருவியின் சீர்மைக்கும் கல்விக்கும் உள்ள உறவை அறிய அயல்நாட்டுக்குப் போக வேண்டுவதில்லை. நம் எழுத்தே சான்று. 1978க்கு முன் பள்ளியில் பயின்ற பெரியோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அன்று கா, தா, பா என எழுதக் கற்ற குழந்தை அதே முறையில் ணா, றா, னா என்று எழுத இயலாது. அம்மூன்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. கை, தை, பை என்று எழுதிப் பழகியபின், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் யானைத் துதிக்கைபோல் வேறொரு கொம்பைத் தூக்கி நின்றன. ஒகர, ஓகார வரிசைகளையும் சேர்த்தால் இவ்வாறு முறை பிறழ்ந்த எழுத்துகள் 13. தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே தம் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்திய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். 1978இல் எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழக அரசு அவற்றை ஆணையாக்கியது.

இதனால் தமிழ் குன்றிவிடும் என்று அஞ்சியவர் உண்டு. குன்றவில்லை. 13 விதிவிலக்குகள் நீங்கியதால் பெரிதும் பயன் பெற்றவர் யாவர்? வீட்டில் தாத்தாவும் தந்தையும் எழுதப் படிக்கத் தெரிந்தவராயின், அக்குழந்தைக்கு விதிவிலக்குகளை மடியில் வைத்துச் சொல்லித் தருவர். தோல் பதனிடும் தொட்டியில் நாள் முழுதும் நின்றுவிட்டு இரவுப் பள்ளிக்கு வந்தவருக்கு அவ்வாறு சொல்லித்தர ஆளில்லை. விதிவிலக்கு ஒவ்வொன்றும் ஒரு கட்டணம் போன்றது. கற்ற குடும்பங்களில் அதை முன்னோர் கட்டிவிடுகின்றனர். முதல் தலைமுறையாகக் கற்பவர் தாமே கட்ட வேண்டியுள்ளது. கணிப்பொறியிலும் இதே கணக்குத்தான்.

மென்பொருளுக்கு வருவோம். 1978இல் வெளிவந்த வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலி நம் நாட்டுக் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அதில் கன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால் திரையின் சுட்டுக்குறி ஓர் எழுத்து இடப்புறம் நகரும். இன்று பெரும்பாலான மென்பொருள்களில் அதே இரு விசைகள் எழுதியதைச் சேமிக்கின்றன. கன்ட்ரோல் சி என்பது இன்று படியெடுக்கும் கட்டளை. வேர்டுஸ்டாரில் அது அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். வேர்டுபர்பெக்ட் என்னும் மற்றொரு சொற்செயலியில் உதவி கேட்க எஃப்3. எஃப்1 அழுத்தினால் கட்டளை நீங்கும். வேறு பல மென்பொருள்களிலோ எஃப்1 தான் உதவி. ஒரு நிலையத்தில் ஆறு மாதம் பயின்றவர் வேறோர் அலுவலகத்தில் அமர்ந்த அன்றே கல்லாதவர் ஆனார்.

இக்குழப்பத்தை உற்பத்தியாளர்களும் உணர்ந்தனர். ஆப்பிள் நிறுவனம் 1983இல் லிசா, 1984இல் மக்கின்டாஷ் ஆகிய பொறிகளை வெளியிட்டபோது, எந்த மென்பொருளைத் திறந்தாலும் வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் ஆகியவை ஒரேவகையில் நிகழவேண்டும் என்று வகுத்தது. எக்ஸ், சி, வி என்னும் அடுத்தடுத்த விசைகள் அப்படித்தான் நிலைபெற்றன. அதில் பெரும்பங்கு கொண்ட லாரி டெஸ்லர் 2020இல் காலமானார். ஐ.பி.எம். நிறுவனமும் 1987இல் தன் மென்பொருள்களுக்குப் பொதுவிதிகளை வெளியிட்டது. இவ்வளவுக்குப் பின்னும் முழுச் சீர்மை வந்துவிடவில்லை. கன்ட்ரோல் எஃப் பெரும்பாலும் சொல்லைத் தேடும். அவுட்லுக் அஞ்சல் மென்பொருளிலோ வந்த மடலை வேறொருவர்க்குத் திருப்பும். 2007ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பழைய பட்டிகளை நீக்கிப் புதிய பட்டையைக் கொண்டுவந்தபோது, கற்பித்த ஆசிரியர்களே கட்டளைகளைத் தேடித் திரிந்ததை நாம் அறிவோம்.

டெஸ்லர் ஓயாது எதிர்த்த மற்றொன்றும் உண்டு. ஒரே விசை, பொறி இருக்கும் நிலையைப் பொறுத்து வெவ்வேறு பொருள் தருவதே அது. தமிழில் தட்டச்சு செய்வோர்க்கு இத்தொல்லை நாள்தோறும் வருகிறது. விண்ணப்பப் படிவத்தில் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றாமலே கடவுச்சொல்லை அடித்தால் பொறி அதை ஏற்பதில்லை. திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள். மூன்று முறை முயன்றபின் கணக்கு முடங்குகிறது. வீட்டில் கணிப்பொறி உள்ளவர் மறுநாள் முயல்வார். மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திக் கடையில் அமர்ந்திருக்கும் பெண், இறுதி நாள் மாலையில் என்ன செய்வாள்?

இனித் தமிழ் விசைப்பலகை. இங்கே சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து மலாயா நாட்டில் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார் என்பதை அறிவீர்கள். அவ்வழி வந்த பொறியில் ‘யளனக’ என்று முதற்பாடம் தொடங்கும். இங்கிருந்து வேலூருக்குப் பேருந்தேறிச் சென்று, தாய் காலணி ஆலையில் மேற்தோல் தைத்து ஈட்டிய கூலியில் கட்டணம் செலுத்தி, இளநிலையும் முதுநிலையும் தேறிய பெண்கள் நம்மில் பலர். அவர்தம் விரல்களுக்கு ‘க’ என்பது இடக்கை ஆள்காட்டி விரலின் கீழ், ஆங்கில எஃப் பொறித்த விசையில் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் எஃப் விசையை அழுத்தினால் புள்ளி வரும். ‘க’ என்பது வலக்கைப் பக்கம் எச் விசைக்குப் போய்விட்டது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவென நடுவணரசு வகுத்த இன்ஸ்கிரிப்ட் முறையில் அது கே விசையில் உள்ளது. ஆங்கில ஒலிகொண்டு அடிக்கும் முறையிலும் கே விசைதான். எழுத்து ஒன்று, அதற்கு விசைகள் மூன்று.

தமிழ்99 நல்ல அமைப்பு என்பதே நம் துணிபு. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்து, கைகள் மாறிமாறி இயங்குகின்றன. ‘கொ’ என்பதற்குத் தட்டச்சுப் பொறியில் கொம்பு, ‘க’, கால் என மூன்று அடிகள். தமிழ்99இல் ‘க’, ‘ஒ’ என இரண்டே. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என அடித்தால் புள்ளி தானே அமைகிறது. இலக்கணத்தையொட்டிய முறை, சிறுவர்க்கு எளிதில் பிடிபடும். ஆயினும் ஈராண்டு உழைத்துத் தேர்வில் தேறியவளிடம், உன் விரற்பழக்கத்தை மறந்துவிட்டு வா என்று சொல்வது எளிதன்று. நல்ல மாற்றமே ஆயினும் அதன் செலவு எவர் தலையில் விழுகிறது என்று கேட்டபின் மாற்றுவதே முறை. ஆங்கில ஒலிமுறையே எளிது என்போர், ஆங்கிலம் முன்னமே கைவந்தவர். தமிழ்வழியில் படித்த பிள்ளை தாய்மொழியை எழுத ஆங்கிலத்தின் துணையை நாடவேண்டும் என்பது நமக்கு உவப்பானதன்று.

இத்துடன் நின்றதா எனில், இல்லை. விசைக்குப் பின்னால் குறியீடு என்றொன்று உண்டு. திரையில் தெரியும் ‘அ’ பொறியின் நினைவில் ஓர் எண்ணாகவே பதிகிறது. தொடக்கத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த எண்ணை வைத்துக்கொண்டனர். பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அம்மாவைக் காணோம்! அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைகளில் பேஜ்மேக்கர் மென்பொருள் கோலோச்சிய காலம் முழுதும் இவ்விதமே கழிந்தது. அம்மென்பொருள் ஒருங்குறியை அறியாதது.

1999இல் தமிழக அரசு டாம், டாப் என இரு குறியீடுகளை ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் கூடி வகுத்த திஸ்கி மற்றொருபுறம் வழங்கியது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியிலோ 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் அமைப்பில் தமிழறிஞர் பலர்க்கு மனக்குறை உண்டு, அது நியாயமானதே. எனினும் 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு, டேஸ்16 எனும் குறியீட்டுடன் ஒருங்குறியையும் தரமாக ஏற்றபின், அரைகுறையாயினும் ஒன்றுபட்டதே மேல் என்னும் நிலை உறுதியாயிற்று.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளில் பணிபுரியும் சகோதரிகளுக்கு இதன் தீர்வு புதிதன்று. இங்கிலாந்து அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய அளவில் சென்டிமீட்டரில் மூன்றில் இரு பங்கு. பெட்டியின்மேல் எந்த எண்ணை ஒட்டினாலும், உள்ளே காலணியை உருவாக்கிய லாஸ்ட் என்னும் பாத அச்சு ஒன்றுதான். விசைப்பலகையும் அப்படி அமையலாம். உள்ளே குறியீடு ஒருங்குறி ஒன்றே என்றிருந்தால், வெளியே எந்தப் பழக்கத்தோடு வந்தவரும் தம் விரல்வழியே எழுதலாம். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்து காட்டின. தட்டச்சு கற்றவர் பழைய முறையில் அடிக்கலாம். சிறுவர் தமிழ்99இல் தொடங்கலாம். இருவர் எழுதியதும் ஒரே ஏடாகும். சீர்மை எங்கே கட்டாயம், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதை இவ்வாறுதான் பிரித்தறிய வேண்டும். தோல் சீவும் கத்தியும் காய் அரியும் அரிவாள்மணையும் ஒரே வடிவில் இருக்கவேண்டும் என்று எவரும் கேட்பதில்லையே.

ஆகவே மாலை வகுப்பில் சில ஏற்பாடுகளை முன்மொழிகிறோம். எல்லாப் பொறிகளிலும் விசைப்பலகைக் கருவி ஒன்றாகவே இருக்கட்டும். மொழி மாற்றும் விசையும் ஒன்றாகவே இருக்கட்டும். எழுத்து மென்பொருள் இரண்டினைக் கற்பிக்கவேண்டும். ஒன்றில் மட்டும் பயின்றவர் அதன் தோற்றத்தை மனப்பாடம் செய்கிறார். இரண்டில் பயின்றவர் கட்டளையின் பொருளை அறிகிறார். பழுது நேரும்போது மாணவரிடம் ‘நீ என்ன தவறு செய்தாய்?’ என்று கேட்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் விட்டுவிட்டு, ‘பொறி என்ன சொல்லிற்று?’ என்று கேட்கவேண்டும். பொறியின் குழப்பத்தைத் தம் அறிவின்மை என எண்ணி எழுந்துபோன பிள்ளைகள் நம்மிடையே மிகுதி.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை இன்றும் படிக்க முடிகிறது; அது தாளில் அச்சானது. நம் சங்கத்தின் தொடக்ககால ஆண்டறிக்கைகளோ பழைய எழுத்துருவில் வட்டுகளில் கிடக்கின்றன. திறந்தால் எம், கே, அரைப்புள்ளிதான். முதலில் கல்வி உதவி பெற்ற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அவற்றில்தான் உள்ளது. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் இணையத்தில் சேர்த்த தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியதுபோல், இவற்றையும் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு மாற்றிவிடலாம். மாற்றியபின் வரிக்கு வரி ஒப்புநோக்கல் வேண்டும். பொறி சில எழுத்துகளைத் தவறவிடும். தட்டச்சு தேறிய பெண்கள் நால்வரும், பழைய பெயர்களை அறிந்த பெரியவர் ஒருவரும் போதும். ஞாயிறுதோறும் காலையில் சங்கக் கட்டடம் திறந்திருக்கும். விருப்பமுள்ளோர் செயலாளரிடம் பெயர் தரலாம்.