தொய்வுக்குக் கூட்டு வைத்தியம்
(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமய மன்றத்தில் நோயைப்பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணலாம். தொய்வு என்று நாம் சொல்லும் ஆஸ்துமா வீட்டிலுள்ள முதியவரைப் பற்றினால், கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவர்கள் இளைஞர்களாகிய நீங்கள்தாமே!

என் பெரியம்மாவுக்கு நெடுங்காலத் தொய்வு. மார்பு நோய் வைத்தியரின் மருந்தால் அது அடங்கியிருந்தது. பின்னர் கண்ணழுத்த நோய் கண்டு, வேறோர் இடத்தில் ரிமோலோல் என்னும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சில நாளில் இழுப்பு மிஞ்சி, நள்ளிரவில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். கண்ணில் இடும் துளி மூக்குவழி இறங்கி, இரத்தத்திற் கலந்து, சுவாசக் குழாய்களைச் சுருக்கக்கூடும் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. தொய்வு உண்டோ என்று அங்கே கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

ஆகவே இந்நோய்க்குப் பலர் வேண்டும்; ஒருவர் செய்வதை மற்றவர் அறியவும் வேண்டும். சல்பியூற்றமோல் உடனே சுகந்தரும். அதனால் நோயாளி அதையே நம்பி, குழாய்களின் அழற்சியை ஆற்றும் தடுப்பு மருந்தைக் கைவிட்டுவிடுகிறார். 12 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சல்பியூற்றமோலை மட்டும் கொண்டு வைத்தியஞ் செய்தல் தகாதென்று, ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019ஆம் ஆண்டிலே கூறிவிட்டது. வைத்தியர் இதை எழுதித் தந்தாலும், இன்ஹேலரை இழுக்கும் முறையைத் தாதியோ மருந்தாளரோ ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்லிப் பார்க்கவேண்டும். தூள் மருந்துள்ள கப்சியூலை இழுக்காமல் விழுங்கிவிடுவோரும் உண்டு, சிரிக்காதீர்கள். தடுப்பு மருந்தின்பின் வாய் கொப்பளிக்கவேண்டும் என்பதையும் யாராவது சொல்லவேண்டுமல்லவா? பள்ளிப்பிள்ளையாயின் வகுப்பாசிரியரும் இக்கூட்டத்தில் ஒருவர். இன்ஹேலர் அதிபரின் அலுமாரியிற் பூட்டிக் கிடந்தால் பயனென்ன? பூசையறையிற் சாம்பிராணி புகைக்கும் நம் வீட்டாருக்கும் இதிற் பங்குண்டு.

இத்தனை பேரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்துவது நம்மூரில் இலேசான காரியமன்று. ஆனால் கிளினிக் கொப்பி எல்லார் கைக்கும் போகும். பெரியம்மாவின் கொப்பியில், முதற்பக்கத்திலே, ‘தொய்வு உண்டு’ என்று சிவப்பு மையால் எழுதினோம். அதன் கீழே அவர் பாவிக்கும் மருந்தெல்லாவற்றையும் குறித்தோம். சொட்டு மருந்தும் நாட்டு மருந்தும் மாத்திரமல்ல, கடையில் வாங்கும் வலிக்குளிசையும் அதில் உண்டு. அஸ்பிரின் போன்றவை சிலருக்குத் தொய்வைக் கிளப்பும். இப்பொழுது கண்ணுக்கு வேறு துளி இடுகிறார். கொப்பியைக் கொண்டுசெல்வது என் தம்பியின் பொறுப்பு.