வைத்தியத்தின் விலை

அரிசியின் விலை ஏறினால் அளவைக் குறைத்து வாங்குகிற மனிதன், வைத்தியச் செலவு ஏறும்போது எதைக் குறைத்துக்கொள்வான், அனாவசியமான சிகிச்சையையா, அத்தியாவசியமானதையா என்ற கேள்விக்கு விடை காண்பதற்காக, அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம், ஜோசப் நியூஹவுஸ் என்ற பொருளாதார அறிஞரின் தலைமையில், 1974 முதல் 1982 வரை ஒரு பெரும் பரீட்சையை நடத்திற்று.

ஆயிரக்கணக்கானவர்களைத் தற்செயல் முறையில் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முற்றிலும் இலவசமென்றும், மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு வரம்பு வரையில், செலவில் 25, 50 அல்லது 95 சதவிகிதத்தைத் தாமே ஏற்க வேண்டுமென்றும் ஏற்பாடு செய்தார்கள். 95 சதவிகிதம் ஏற்றவர்களின் வைத்தியச் செலவு, இலவசப் பிரிவினரின் செலவைவிடச் சுமார் 30 சதவிகிதம் குறைந்திருந்தது. பெரும்பாலோருடைய ஆரோக்கியத்தில் அதனால் பெரிய பேதம் எதுவும் காணப்படவில்லை. ஆயினும், நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. பணம் கொடுக்க நேர்ந்தவர்கள், பயனற்ற சிகிச்சையை மட்டுமல்லாமல் பயனுள்ள சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவில் குறைத்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் மிகுந்த ஏழைகளுக்கோ, வைத்தியம் இலவசமாகக் கிடைத்தபோதுதான் அந்நோய் நன்கு கட்டுப்பட்டது.

எந்தச் சிகிச்சை அவசியம் என்பதை நோயாளி தானாக அறியான். வைத்தியர் சொல்லித்தான் அறிகிறான். வைத்தியம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963இல் விளக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, கட்டணம் விதித்து வீண்செலவைத் தடுக்க நினைக்கும் எந்த அரசாங்கமும், அக்கட்டணம் ஏழைக்கு உயிர் காக்கும் மருந்தையும் மறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தன் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.