உசாத்துணைப் பட்டியலும் நம் பெயர்களும்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பேசக் கேட்டபோது, பள்ளி நினைவுகளைச் சொல்லுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் கடந்த சில வருடங்களாக நம் தங்கைமார் என்னிடம் அதிகம் கேட்பது வேறொரு கேள்வி. "அக்கா, உசாத்துணைப் பட்டியல் போட எந்தக் கருவி நல்லது? உலாவியிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் வருமாமே?" கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்களும் கேட்கிறார்கள், மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் மேற்படிப்புப் படிக்கிறவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தட்டிய பதிலை இன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வெட்கக் கதை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு முதுமாணிப் படிப்பில் சேர்ந்தேன். திருகோணமலைப் பெண்கல்வி பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு. இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியில் எல்லாவற்றையும் கொடுத்தேன். அழகான பட்டியல் வந்தது. வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் ஒரு வரியில் விரலை வைத்து, "இந்த ஆசிரியர் யார்?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. பழைய மலரொன்றில் கட்டுரை எழுதிய நம் ஆசிரியை ஒருவரின் பெயரை, மலரில் இருந்தபடியே "திருமதி" என்று தொடங்கி ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறேன். கருவி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அது அவரது கணவரின் பெயர். "திருமதி"யைச் சுருக்கி 'ரி' என்று தலைப்பெழுத்தாக்கியது. எழுதிய பெண்ணின் சொந்தப் பெயருக்கு எஞ்சியது ஓர் எழுத்து. எழுதாத கணவர் ஆசிரியராகிவிட்டார்.

அதே பட்டியலில் இன்னொரு 'ரி'யும் இருந்தது. நம் ஊரில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி'யைப் பற்றி இங்கு அறியாதவர் இருக்கமாட்டார்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் குறிப்பிடுவது. அவர் பெயரின் முன் நிற்கும் 'தி' திருக்கோணமலை. 'த' தந்தையார் தம்பிமுத்துப்பிள்ளை. ஆக, ஒரு 'ரி' நம் ஊர். மற்ற 'ரி' வெறும் மரியாதைச் சொல். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தவள் நான் ஒருத்தி. நானும் பார்க்காமல் விட்டேன்.

இந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்று விளங்கினால் பயமும் போகும், குருட்டு நம்பிக்கையும் போகும். இணையப்பக்கங்கள் பலவற்றின் பின்னால் தலைப்பு, ஆசிரியர், திகதி என்று கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். உலாவியில் சேர்த்த நீட்சி அதைத்தான் வாசிக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண்ணும், புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணும் இருந்தால், அந்த எண்ணைக்கொண்டு பெரிய பதிவேடுகளில் தேடி எடுத்துவரும். குறிப்பு சரியென்றால் விடையும் சரி. குறிப்பு இல்லையென்றால் கருவி ஊகிக்கும், அல்லது வெறுமையாக விடும்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். ஐ.எஸ்.பி.என். உலக நியமமானது 1970 அளவில்தான். அதற்கு முன் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சான நம் புத்தகங்களுக்கு அந்த எண்ணே கிடையாது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அவற்றில் பல கிடைக்கின்றன; அந்தப் பணிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், கருவி அதை ஓர் இணையப்பக்கமாகப் பதிந்துவிடக்கூடும். நூற்றாண்டு பழமையான புத்தகத்துக்கு இந்த வருடத் திகதி விழும்.

ஆகவே தங்கைமாரே, எந்தக் கருவியையும் அதன் விளம்பரத்தை வைத்துத் தெரியாதீர்கள். நம் ஊர்ப் புத்தகங்களைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். நான் செய்யும் சோதனை மூன்று.

ஒன்று, 'மோகனாங்கி'. தமிழ் எழுத்தில் கொடுத்தால் ஏற்கிறதா? பெயரை முதற்பெயர், குடும்பப் பெயர் என்று வெட்டாமல் ஒரே பெட்டியில் முழுதாக எழுத விடுகிறதா?

இரண்டு, றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தவர். அவர் நூல் லண்டனில் வந்தது 1681இல். நாம் வாசிப்பதோ பிற்கால மறுபதிப்பு அல்லது மின்னூல். முதற்பதிப்பு ஆண்டையும் நாம் கையில் வைத்திருக்கும் பதிப்பின் ஆண்டையும் தனித்தனியே எழுத இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பதினேழாம் நூற்றாண்டுக்காரர் இருபத்தோராம் நூற்றாண்டில் எழுதியதாக ஆகிவிடும்.

மூன்று, பிரட்றிக் கோட்டை வாசலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. கையால் எழுதிச் சேர்க்க வழி இருக்கிறதா என்பதுதான் சோதனை.

இந்த மூன்றிலும் எனக்குத் திருப்தி தந்தது ஸொட்டெரோ. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையினர் 2006இல் வெளியிட்டது. இலவசம். முதலில் பயர்பொக்ஸ் உலாவியின் நீட்சியாக மட்டும் இருந்தது. இன்று கணினியில் நிறுவிக்கொண்டு, குரோம், எட்ஜ், சபாரி எதிலிருந்தும் சேர்க்கலாம். சேர்த்தவை நம் கணினியிலேயே இருப்பதால், இணைப்பு இல்லாத நேரத்திலும் வேலை நடக்கும். பெயருக்கு ஒரே பெட்டி என்று மாற்றிக்கொள்ளும் சிறு பொத்தானும் உண்டு. அதைத் தேடி அழுத்துங்கள். கல்வெட்டைக் கையால் சேர்க்கலாம். முதற்பதிப்பு ஆண்டை மேலதிகக் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும்; கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனாலும் முடியும்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் சின்ன ஒப்படைக்கு அவ்வளவு வேண்டாம். அதே குழுவினரின் ஸொட்டெரோபிப் போதும். நிறுவத் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. ஆனால் பட்டியல் அந்த உலாவிக்குள்தான் இருக்கும். பாடசாலைக் கணினியில் செய்தால், எழும்பிப் போக முன் பிரதி எடுத்துவிடுங்கள்.

மெண்டலி பாவிக்கிறவர்களும் இங்கே இருப்பீர்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் அது 2013இல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்தின் கைக்குப் போனது. எந்தக் கருவியும் நாளை கைமாறலாம், கட்டணம் கேட்கலாம், நின்றும் போகலாம். அதனால் உங்கள் பட்டியலை வேறொரு கருவிக்கு மாற்றக்கூடிய கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பாருங்கள். கதவு இரண்டு பக்கமும் திறக்காத வீட்டில் குடியேறாதீர்கள்.

இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடமே பட்டியலைக் கேட்கிறார்கள். இல்லாத நூலை, இருக்கும் ஆசிரியரின் பெயரில், பக்க எண்ணோடு அது எழுதித் தந்துவிடும். 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் அப்படி வந்த இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அவர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்குமாக 5,000 டொலர் தண்டம் விழுந்தது. நீங்கள் கண்ணால் பார்க்காத நூல் உங்கள் பட்டியலில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விதி.

சபையிலுள்ள பெண்களுக்கென்று ஒன்று. நம்மில் பலர் கலியாணத்துக்கு முன் அப்பாவின் பெயரோடும் பின் கணவரின் பெயரோடும் எழுதியிருக்கிறோம். கருவிக்கு நாம் இரண்டு பேர். ஒருத்தியின் உழைப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இதற்காகவே ஓர்கிட் என்று ஆய்வாளர்களுக்கு ஒரு நிரந்தர எண் 2012 முதல் கொடுக்கிறார்கள். பதிவதற்குப் பணம் இல்லை. பெயர் மாறினாலும் எண் மாறாது. எழுதத் தொடங்கும் தங்கைமார் முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. பின்னர் இடப்பெயர்வுகளிலும் 2004 கடல்கோளிலும் நம் கரையோர வீடுகளில் இருந்த புத்தகப் பெட்டிகள் போயின. ஒரு நூல் போன பிறகு, அது இருந்தது என்பதற்குச் சாட்சி யாரோ ஒருவர் சரியாக எழுதிவைத்த ஒரு வரிதான். ஆசிரியர், ஆண்டு, அச்சகம், பக்கம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போய் வேறொரு ஊரில் இன்னொரு பிரதியைக் கண்டெடுக்கலாம். வரி பிழைத்தால் நூல் இரண்டாம் முறையும் தொலைகிறது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி மலர்கள் பல வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. இந்த நூற்றாண்டில் அவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவரின் சொந்தப் பெயர், ஆண்டு, பக்கம் என்று பட்டியலிட்டு, பொதுவில் வைப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள்; ஒரு மலர் கிடைத்தாலும் படம் பிடித்து அனுப்புங்கள். தட்டி எழுதும் வேலையை நான் பொறுப்பேற்கிறேன்.

அந்த ஆசிரியையின் வரியைத் திருத்தித்தான் என் ஆய்வேட்டை மறுபடி கொடுத்தேன். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சபையில் அவரிடம் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள்; அதை உங்களுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.