தொலைபேசி வழி வரும் திருட்டு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். ரயில்வே எழுத்தனாகிய எனக்கோ செயலாளர் அவர்கள் திருட்டைப் பற்றிப் பேசும்படி கட்டளையிட்டிருக்கிறார். நான் அறிந்த துறையிலிருந்தே தொடங்குகிறேன்.

ரத்துசெய்த பயணச்சீட்டின் பணம் வரவில்லையென்று ஒருவர் சமூக வலைத்தளத்தில் முறையிடுகிறார். பி.என்.ஆர். எண்ணையும் கைப்பேசி எண்ணையும் யாவரும் காண எழுதிவிடுகிறார். சற்று நேரத்தில் "ரயில்வேயிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பு வருகிறது. வண்டி எண், வகுப்பு, பயண நாள் யாவும் பிழையின்றிச் சொல்லுகிறான். சொல்லாமல் என்ன? நாம் எழுதி வைத்ததைக் கொண்டுதானே அறிந்தான்! பிறகு ஓர் இணைப்பை அனுப்பி, செயலியொன்றை நிறுவச் சொல்லுகிறான். அது நமது கைப்பேசித் திரையை அவனுக்கு அப்படியே காட்டிக்கொடுக்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படுமுன் அவன் கண்ணில் படும்.

உண்மை யாதெனில், இணையத்தில் நாமே எடுத்த சீட்டை ரத்துசெய்தால், பிடித்தம் போக மீதி, பணம் செலுத்திய கணக்கிற்கே தானாகத் திரும்பும். அதற்காக எவரும் அழைத்து அட்டை எண் கேட்கவேண்டியதில்லை. யு.பி.ஐ. இரகசிய எண்ணும் பணம் அனுப்புவதற்கே உரியது, பெறுவதற்கன்று.

இதனினும் கொடியது "டிஜிட்டல் கைது" என்னும் நாடகம். போலீஸ் உடையில் ஒருவன் காணொளியில் தோன்றி, உமது ஆதாரைக் கொண்டு குற்றம் நடந்திருக்கிறது, அறையை விட்டு அசையாதீர் என்பான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமர் மோடி அவர்களே எடுத்துரைத்தார்.

நம் காலனிப் பெரியவர் ஒருவரை, பெயர் வேண்டாம், இவ்வாறு ஒரு பகல் முழுதும் மடக்கி வைத்தார்கள். முதலில் ஒருவன் இந்தியில் அதட்டினான். அவருக்குப் பாதி விளங்கவில்லை. உடனே இன்னொருவன் தமிழில், "ஐயா, நானும் நம்ம பக்கத்து ஆள்தான், உங்களைக் காப்பாற்றுகிறேன்" என்றான். அந்தத் தமிழே அவரை வீழ்த்திற்று. தொடர்பைத் துண்டிக்காமலே வங்கிக்குச் சென்று வைப்புநிதியை முறிக்கச் சொன்னார். அங்கிருந்த பெண்மணி அவர் கை நடுங்குவதைக் கண்டு, எழுதுதாளில் "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதிக் காட்டியதால் பணம் தப்பிற்று. அவரைக் கண்டு நகைப்போரும் நம்மிடையே உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. தாய்மொழி காதில் விழுந்தால் நெஞ்சு இளகுவது அயலூரில் வாழும் நம் எல்லோருக்கும் இயல்பே. இச்சங்கம் பிறந்ததும் அதனாலன்றோ?

பணம் போய்விட்டதாயின் வெட்கப்பட்டு ஒளிக்கலாகாது. 1930 என்னும் எண்ணை அக்கணமே அழைக்க வேண்டும். திருடிய தொகை சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். வழியில் நிறுத்தக் கூடியது முதற்பொழுதில் மட்டுமே. வங்கிக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். வாடிக்கையாளரே இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டிருப்பினும், அறிவித்த பின்னர் நேரும் இழப்பு வங்கியையே சாரும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது.

ஆதாரைப் பற்றியும் ஒரு சொல். வாடகை வீட்டிற்கும் விடுதிக்கும் முழு நகலைக் கொடுத்துவிடுகிறோம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகல் ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது. கைரேகையையும் பூட்டி வைக்கலாம். நமது பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதைச் "சஞ்சார் சாத்தி" தளத்தில் காணலாம்.

இவற்றைச் செய்து தர நம் இளைஞர் இருவர் சிற்றுண்டி மேசையருகே அமர்ந்திருக்கிறார்கள். கைப்பேசியை அவர்கள் கையில் கொடாமல், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே அழுத்துங்கள்.